கயிற்றைக் கீழே இறக்குங்கள்: எங்கள் ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலைத் தலைவர் அவர்களுக்கும், உற்பத்தி, தரம், மனிதவளத் துறை மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

வெல்டிங் ஷாப் மூன்றாவது லைனில் போன மாதம் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மீட்டிங் போட்டுப் பேசியாகிவிட்டது, ரிப்போர்ட்டும் போயாகிவிட்டது. அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன். லைனை நிறுத்தியதற்காக அந்த ட்ரெய்னி பையனுக்குக் கொடுத்த மெமோவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். தப்பு தெரிந்தால் லைனை நிறுத்த இழுக்கும் ஆண்டான் கயிறு கேபிள் ட்ரேயில் சுற்றிக் கட்டிக் கிடக்கிறது; அதைக் கை எட்டும் உயரத்துக்கு இறக்குங்கள்.

வீண் வேலையையும் குவியலையும் குறைக்கும் லீன் முறைக்கு நான் எதிரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பதினேழு வருடமாக இங்கே இருக்கிறேன். முதன்முதலில் லீன் என்று சொன்னபோது முணுமுணுத்தவர்களில் நானும் உண்டு. அப்புறம் கண்ணால் பார்த்தேன். ப்ரெஸ் ஷாப்பில் முன்பு ஒரு டை (பார்ட்டை அடிக்கும் அச்சு) மாற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்பானர் தேடவே கால் மணி நேரம் போகும். இப்போது அடுத்த டையை முன்கூட்டியே ட்ராலியில் கொண்டுவந்து நிறுத்தி, போல்ட்டுக்குப் பதில் கிளாம்ப் போட்டு, இருபது நிமிடத்துக்குள் முடிக்கிறோம். மெஷின் ஓடும்போதே செய்துவைக்கக்கூடிய வேலை எது, நிறுத்தினால்தான் செய்ய முடிகிற வேலை எது என்று பிரித்துப் பார்க்கச் சொன்னவர் ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ. அவ்வளவுதான் சூட்சுமம். டை மாற்றுவது சுலபமானதும் ஒரே பார்ட்டை ஆயிரக்கணக்கில் அடித்துக் குவிக்கும் தேவை போயிற்று. குவியல் போனதும் நடைபாதை கண்ணுக்குத் தெரிந்தது. பெட்டிகளை இடுப்பு உயர ஸ்டாண்டில் வைத்ததில் எத்தனையோ பேருக்கு முதுகுவலி விட்டது. இதையெல்லாம் செய்தது நீங்கள்தான். மனதாரச் சொல்கிறேன், நல்ல காரியம். அதனால்தான் இப்போது நடப்பதைப் பார்த்து வயிறு எரிகிறது.

அன்று இரவு ஷிப்ட். மணி இரண்டே முக்கால் இருக்கும். பிராக்கெட்டில் நட் வெல்டிங் செய்யும் ஸ்டேஷனில் அந்தப் பையன் நின்றிருந்தான். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன், கான்ட்ராக்ட்டில் சேர்ந்து எட்டு மாதம். நட் ஓட்டையிலிருந்து ஒரு நூல் தள்ளி உட்காருவதைக் கவனித்தான். ஒன்று, இரண்டு, மூன்றாவதும் அப்படியே வந்தது. பயிற்சியில் நாம் சொல்லிக்கொடுத்ததைச் செய்தான். கயிற்றை இழுத்தான். மஞ்சள் விளக்கு எரிந்தது, பஸ்ஸர் அடித்தது. நான் அப்போது அடுத்த செல்லில் (பக்கத்து மெஷின் பகுதியில்) இருந்தேன். மெயின்டெனன்ஸ் ஆள் ப்ரெஸ் ஷாப்பில் இருந்தார். அவர் வந்து பார்த்தபோது, பார்ட்டைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சரின் பின் தேய்ந்திருந்தது. மாற்றிவிட்டு லைனை ஓட்டினோம். மொத்தம் 14 நிமிடம்.

மறுநாள் காலை பாராட்டு வரும் என்று அவன் எதிர்பார்த்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது. வந்தது மெமோ. 'மேற்பார்வையாளரின் அனுமதியின்றி லைனை நிறுத்தி 14 நிமிட உற்பத்தி இழப்பு ஏற்படுத்தியமைக்கு விளக்கம் தருக.' அவனுக்கு ஆங்கிலம் சரியாக வராது. அந்த மெமோவைத் தமிழில் படித்துச் சொன்னவன் நான். "அண்ணே, நீங்கதானே இழுக்கச் சொன்னீங்க?" என்று கேட்டான். பதினேழு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளில் பதில் சொல்ல முடியாமல் நின்றது இதற்குத்தான்.

அந்த வாரமே கயிறு மேலே போய்விட்டது. யார் கட்டினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. மேலிருந்து உத்தரவு வந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு மெமோ போதும், கயிறு தானாகவே ஏறிக்கொள்ளும்.

ஒன்பதாவது நாள் அதே பின் மறுபடி தேய்ந்தது. இந்த முறை யாரும் இழுக்கவில்லை. ஒன்றரை ஷிப்ட் அப்படியே ஓடியது. 1,860 பிராக்கெட் கஸ்டமர் யார்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே போல்ட் ஏறவில்லை என்று போன் வந்தது. பன்னிரண்டு பேரைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினீர்கள். தகர ஷீட்டுக்குக் கீழே, மூன்று நாள், ஒவ்வொரு பிராக்கெட்டிலும் கேஜை விட்டுப் பார்த்து, பச்சை மார்க்கர், சிவப்பு மார்க்கர். சோற்றுப் பொட்டலம் வந்து சேர மணி மூன்று ஆகும். அந்தப் பன்னிரண்டு பேரில் மெமோ வாங்கிய பையனும் ஒருவன். சிவப்பு மார்க்கர் அவன் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பிராக்கெட்டுக்கு நம் சைக்கிள் டைம் 22 விநாடி. 14 நிமிடத்துக்கு 38 பிராக்கெட். அந்த 38-க்கு மெமோ எழுதினோம். 1,860-க்கு யாருக்கும் மெமோ வரவில்லை. வர வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

பயிற்சி அறைச் சுவரில் சகிச்சி டொயோடாவின் படம் மாட்டியிருக்கிறீர்கள். அவர் கார் செய்தவர் அல்ல, தறி செய்தவர். 1924-இல் அவர் முடித்த தானியங்கித் தறியின் பெருமை வேகத்தில் மட்டும் இல்லை; இழை அறுந்தால் அது தானே நின்றுவிடும். என் அப்பா காஞ்சிபுரத்தில் தறி நெய்தவர். பாவில் ஓர் இழை அறுந்தால் அவர் கை தானாக நிற்கும். முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த ஊடையைத் தள்ளுவார். அறுந்தது தெரிந்தும் முழம் முழமாக நெய்துகொண்டே போனால் புடவை முழுக்கக் கோடு விழும், கூலியில் பிடிப்பார்கள். நின்றதற்காக எந்த முதலாளியும் அவரைக் கோபித்ததில்லை. டொயோடா தறியிலிருந்து காருக்குப் போனபோது இந்தப் புத்தியையும் கூடவே கொண்டு போனார்கள். தறியில் இழைக்குக் கிடைத்த மரியாதை கார் ஆலையில் தொழிலாளிக்குக் கிடைத்தது: தப்பு தெரிந்தால் நிறுத்தலாம்.

அங்கேகூட கயிற்றை இழுத்த உடனே லைன் நிற்பதில்லை. குறித்த கோடு வரைக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் டீம் லீடர் ஓடி வந்து சரிசெய்துவிட்டால் மறுபடி ஓர் இழுப்பு, லைன் நிற்காமலே போய்விடும். அப்படி ஓடி வர வேண்டுமென்றால் லீடருக்குக் கீழே நாலைந்து பேர்தான் இருக்க வேண்டும். எனக்குக் கீழே மூன்று செல், இருபத்திரண்டு பேர். 14 நிமிடம் ஏன் ஆனது என்பதற்கான விளக்கம் இதில் இருக்கிறது. மெமோவில் கேட்ட விளக்கத்தை நான் இங்கேயே கொடுத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் ஜப்பானியர்களுக்குத்தான் சரிவரும், நம் ஆட்களை நம்பிக் கயிற்றைக் கொடுக்க முடியாது என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்ததாகக் கேள்விப்பட்டேன். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. வேலைக்கு வராதவர்கள், சண்டை, மோசமான தரம் என்று பேர் கெட்டுப்போய் 1982-இல் மூடினார்கள். டொயோடாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 1984-இல் அதையே நூமி (NUMMI) என்ற பெயரில் திறந்தபோது, உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே சங்கம். அவர்கள் கையிலும் கயிற்றைக் கொடுத்தார்கள். கொஞ்ச காலத்திலேயே ஜப்பான் ஆலையோடு ஒப்பிட்டுப் பேசும் அளவுக்குத் தரம் வந்தது. 1988 வாக்கில் விற்பனை படுத்தபோதும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. லைனை மெதுவாக ஓட்டி, மிச்ச நேரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் தமிழ்நாட்டில் 1998-இலேயே சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசு வாங்கியது. 2002-இல் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது. அங்கே வேலை செய்தவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான், டோக்கியோவிலிருந்து இறக்குமதி ஆனவர்கள் இல்லை.

லீன் என்றால் மெலிவு. சரி, மெலிந்தது எது? நான் சேர்ந்தபோது இந்த லைனில் ஆறு பேர், இப்போது நாலு பேர். வேலையை மேம்படுத்த யோசனை எழுதிப் போடும் கைசன் பெட்டியில் ஒருவர் சீட்டு எழுதிப் போட்டார்: நட் பெட்டியை இந்தப் பக்கம் மாற்றினால் ஒவ்வொரு பார்ட்டுக்கும் எட்டு அடி நடை மிச்சம் என்று. நல்ல யோசனை. பேர் போட்டு போட்டோ ஒட்டினீர்கள். மிச்சமான நடையைக் கூட்டிப் பார்த்து ஓர் ஆளை வேறு ஷாப்புக்கு மாற்றினீர்கள். அதற்கப்புறம் அந்தப் பெட்டியில் டீ கப்தான் விழுகிறது. 'எஸ்' எழுத்தில் தொடங்கும் ஐந்து விதிகளால் இடத்தை ஒழுங்குபடுத்தும் 5எஸ் ஆடிட்டில் ஸ்டூலும் தண்ணீர்க் கேனும் தேவையற்ற பொருள் என்று சிவப்பு டேக் வாங்கிக்கொண்டு வெளியே போயின. தாகம் எந்த எஸ்ஸில் வரும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஸ்டாக்கைக் குறைத்தோம் என்று மீட்டிங்கில் ஸ்லைடு போடுகிறோம். கேட்டுக்கு வெளியே நம் சின்ன சப்ளையர்கள் வாடகை ஷெட் பிடித்து, நமக்குத் தர வேண்டியதை அவர்கள் காசில் அடுக்கி வைத்துக் காத்திருக்கிறார்கள். குவியல் குறையவில்லை, சுவர் தாண்டியிருக்கிறது. அந்த மாதிரிச் சிறு நிறுவனங்கள் லீன் கற்றுக்கொள்ள ஆகும் செலவில் 90 சதவீதத்தை ஒன்றிய அரசே தருகிற திட்டம் 2023-இல் வந்தது. அவர்களில் எத்தனை பேருக்கு நாம் அதைச் சொன்னோம்?

மன்னிக்கவும், கயிற்றைப் பற்றி எழுத உட்கார்ந்து எங்கெங்கோ போய்விட்டேன். ஆள் கணக்கும் ஸ்டூலும் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

ஜப்பானில் ஆண்டான் என்றால் காகித விளக்கு என்று நீங்கள்தான் வகுப்பில் சொன்னீர்கள். தமிழில் ஆண்டான் என்றால் என்ன, அதற்கு ஜோடிச் சொல் என்ன என்று எங்கள் ஆட்கள் அன்றைக்கே சொல்லிச் சிரித்தார்கள். அப்போது அது வெறும் கேலி. மெமோவுக்கு அப்புறமும் அதே கேலியைச் சொல்கிறார்கள், ஆனால் யாரும் சிரிப்பதில்லை.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். அந்தப் பையனின் ஃபைலிலிருந்து மெமோவை எடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் அவன் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வருகிறது, அது கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தப்பு தெரிந்து கயிற்றை இழுப்பவர் மேல் நடவடிக்கை இருக்காது என்று தமிழில் ஒரு சர்க்குலர் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கயிற்றை இறக்குங்கள்.

கஸ்டமர் ஆடிட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அன்றைக்குக் காலையில் கயிறு இறங்கும், சாயங்காலம் ஏறிவிடும் என்று லைனில் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு முன்பே இறக்கிவிட்டால் நன்றாக இருக்கும். ஏணி மெயின்டெனன்ஸ் அறையில்தான் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் நானே ஏறி அவிழ்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லைன் லீடர், வெல்டிங் ஷாப், மூன்றாவது லைன்
ஒரகடம்