பழங்கரியைப் பஞ்சில் சுற்றாதீர்கள்

ஆசிரியருக்கு,

தேயிலை மலைகளில் கான் (வடிகால்) வெட்டும்போதும் அத்திவாரம் தோண்டும்போதும் பானை ஓடுகளோடு கரித்துண்டுகளும் வெளிப்படுவதுண்டு. நமது அமில மண்ணில் எலும்பு நிலைப்பது அரிது. காலத்தைச் சொல்ல மிஞ்சுவது பெரும்பாலும் அந்தக் கரிதான். அதில் காலப்போக்கில் குறைந்துவரும் கதிரியக்கக் கார்பன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்தே வயதைக் கணிக்கிறார்கள்.

கண்டதும் தோண்டுவதை நிறுத்தி, ஆழத்தைக் குறித்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மழை அடித்துச் சென்றுவிடும் நிலை என்றால் மட்டும் இரும்பு இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் வையுங்கள். பஞ்சும் பத்திரிகைத் தாளும் வேண்டவே வேண்டாம். அவற்றின் நார்கள் புதிய கார்பனைச் சேர்த்துவிடும். 40,000 ஆண்டுப் பழமையான கரியில் 1 சதவீதம் இன்றைய கார்பன் கலந்தாலே கணிக்கும் வயது சுமார் 33,000 ஆண்டாகக் குறைந்துவிடும்!

தேயிலை வேர் நுழைந்த கரியும் இப்படித்தான் ஏமாற்றும். அதனால் ஆய்வுகூடத்தில் முதலில் நுணுக்குக்காட்டியின் கீழ் வேரிழைகளைப் பொறுக்குவார்கள். பிறகு ஐதரோகுளோரிக் அமிலம் டொலமைட் (சுண்ணாம்பு வகைக் கல்தூள்) போன்ற, கார்பன் அடங்கிய காபனேற்று உப்புகளை நீக்கும், சோடியம் ஐதரொட்சைட்டு மக்கிய இலைதழைகளிலிருந்து மண்ணில் சேரும் இயூமிக் அமிலத்தைக் கரைக்கும், மறுபடி அமிலம். தோட்டத்து மண்ணுக்கு டொலமைட் போடுகிறோம் என்பதையும் அறிவிப்பில் எழுதிவிடுங்கள்.

பெருமர வைரத்தின் (நடுக்கட்டையின்) கரி, அந்தப் பகுதி வளர்ந்த காலத்தையே சொல்வதால், தீ மூட்டிய காலத்தைவிடப் பழைய வயதையே காட்டும். கருகிய சுள்ளியோ கொட்டையோ கிடைத்தால் அதுவே மேல்.

வாசகர்,
பண்டாரவளை