எந்த எலி மருந்தை வைத்தீர்கள்? – குடியிருப்போர் நலச் சங்கத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு காலை நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அதற்குள் பல விதமாகப் பேசப்பட்டுவிட்டதால் ஒன்றை மட்டும் திருத்துகிறேன்: எங்கள் நாய் பொம்மி அவிழ்த்துவிடப்பட்டிருக்கவில்லை, அதன் வார் என் கையில்தான் இருந்தது. படிக்கட்டின் கீழே பூந்தொட்டிகளுக்கு இடையில் கிடந்த நீலநிற எலி மருந்துக் கட்டியை விழுங்க அதற்கு இரண்டு நொடி போதுமானதாக இருந்தது.

கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது, "எந்த மருந்து?" என்பதுதான். என்னிடம் பதில் இல்லை. காவலாளிக்குத் தெரியவில்லை, செயலாளர் ஒப்பந்ததாரரைக் கேட்கச் சொன்னார், ஒப்பந்ததாரரின் கைப்பேசி அணைந்திருந்தது, உறையோ முந்தைய நாளே குப்பையோடு போயிருந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை என்றால் வைட்டமின் கே1 காப்பாற்றும். துத்தநாக பாஸ்பைடு என்றால் அதற்கு முறிமருந்தே இல்லை. வயிற்று அமிலத்தோடு கலந்து அது உண்டாக்கும் நச்சு வாயு, வாந்தி எடுக்க வைக்கும்போது அருகில் நிற்பவரையும் தாக்கக்கூடும். அதனால்தான் அந்த மருத்துவர் முதலில் கதவையும் சன்னல்களையும் திறந்துவைத்தார், பிறகே பொம்மியைத் தொட்டார். இன்னது என்று தெரியாத நஞ்சுக்கு வைத்தியம் பார்ப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த அரைமணி நேரத்தை நான் யாருக்கும் விரும்பமாட்டேன்.

மறுநாள்தான் பெயர் கிடைத்தது: இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. நல்லவேளை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இந்த வகையில் நஞ்சுண்ட பிராணி மூன்று நாள் வரைகூட ஓடியாடித் திரிந்துவிட்டு, அதன்பின்தான் உள்ளுக்குள் இரத்தம் கசியத் தொடங்கும். கட்டியை விழுங்கியதை நான் பார்த்திராவிட்டால், சோர்வு தெரிந்தபோதுதான் மருத்துவமனைக்கு ஓடியிருப்பேன். இப்போது பொம்மிக்கு நான்கு வாரங்களுக்கு மாத்திரை. அது முடிந்து இரண்டு நாள் கழித்து மறுபடியும் இரத்தப் பரிசோதனை.

எலிகளை ஒழிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த மருந்து, எந்த இடத்தில், எந்த நாளில் வைக்கப்படுகிறது என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். நாயை லிஃப்டில் ஏற்றக்கூடாது, புல்வெளியில் விடக்கூடாது, மதியத்தில் குரைக்கவிடக்கூடாது என்று அறிவிப்புப் பலகையில் எங்களுக்காக ஆண்டு முழுவதும் இடம் ஒதுக்கும் சங்கத்திற்கு, நஞ்சைப் பற்றி ஒரு வரி எழுத இடமில்லாமல் போனது வியப்பாகவே இருக்கிறது. ஒருவேளை, எங்கள் பிராணிகள் அதையும் படித்துவிட்டு விலகி நடந்திருக்குமோ என்னவோ.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருளுங்கள். மருந்தைத் திறந்த தரையில் போடாமல், எலி மட்டும் நுழையக்கூடிய பூட்டிய பெட்டிக்குள் வைக்கச் செய்யுங்கள். நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனைக்கும் அந்த நஞ்சு போய்ச் சேரும் என்பதால், செத்த எலிகளை அன்றன்றே அகற்றச் சொல்லுங்கள். உறையைக் காவலாளியிடம் வைத்திருங்கள். அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது யாராவது பெயரைச் சொல்ல வேண்டும்.

இன்று காலையும் அதே தொட்டிகளுக்கிடையில் இரண்டு நீலக் கட்டிகள் கிடந்தன. குழந்தைகள் விளையாட வருமுன் அவற்றை எடுக்க ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடியிருப்பாளர்களில் ஒருவர்