சூலூரிலிருந்து சண்முகத்துக்கு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பேத்தி கையைப் பிடித்து நடக்க வைக்கிறாளாமே, கொடுத்து வைத்தவன் நீ. இங்கே ஃபவுண்டரியை, என் வார்ப்புப் பட்டறையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டேன். ஆனாலும் காலையில் ஒரு நடை போய் அச்சு மண்ணை அள்ளிப் பிசைந்து பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கடைசி வரியில் குத்தியிருந்தாயே, "உங்கள் ஊர் தேஜஸ் நாற்பது வருடமாகவா பிறந்துகொண்டிருக்கிறது?" என்று. அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கணக்கு உன் பக்கம்தான். நாமே செய்யும் இந்தப் போர் விமானத்துக்கு 1983இல் அனுமதி, 2001 ஜனவரி 4இல் முதல் பறப்பு, அதுவும் 18 நிமிடம். விமானப்படையில் முதல் அணி சேர்ந்தது 2016இல். அந்த அணி 2018இல் சூலூருக்கு வந்ததிலிருந்து எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிராத நாள் குறைவு.

ஆனால் நம் பொறியாளர்கள் ஜெயித்த இடத்தை யாரும் பேசுவதில்லை. வால் சிறகு இல்லாத முக்கோண இறக்கை அது. சட்டென்று திரும்பட்டும் என்று வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைத்தார்கள். கணினி நொடிக்கு நொடி திருத்தாவிட்டால் எந்த விமானியாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அந்தக் கட்டுப்பாட்டு முறையை அமெரிக்காவில் அந்நாட்டாரோடு சேர்ந்து சோதித்துக்கொண்டிருந்தபோது 1998இல் பொக்ரானில் நம் அணுகுண்டுச் சோதனை வெடித்தது. தடை வந்தது. நம் பொறியாளர்கள் வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். விட்ட வேலையைப் பெங்களூரிலேயே முடித்தார்கள்.

தோற்றது எஞ்சினில். அது என் தொழிலுக்குப் பங்காளி என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்.

எனக்கு ஒரு மழைக்காலத்தில் இருநூறு பம்ப் இம்பெல்லர், தண்ணீரைத் தள்ளும் அந்தச் சுழல் சக்கரம், வீணானது நினைவிருக்கிறதா? வெளியே பார்த்தால் வழவழவென்று இருந்தது. லேத்தில் ஒரு மில்லிமீட்டர் சீவினால் உள்ளே ஊசி குத்தியதுபோல் துளைகள். மண்ணில் ஈரம் என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. நாங்கள் வார்ப்பிரும்பை ஊற்றுவது 1,400 டிகிரி வாக்கில். ஜெட் எஞ்சினில் டர்பைன் பிளேடின் மேல் அடிக்கும் காற்றே அந்தச் சூடு! பிளேடின் உலோகம் அதற்கு முன்பே உருகிவிடும். உள்ளே மயிரிழை வழிகள் வைத்துக் குளிர்ந்த காற்றை ஓட்டித்தான் காப்பாற்றுகிறார்கள். உறுதிக்காக ஒரே படிகமாக வார்க்கவும் வேண்டும். தெரிந்தவன் சொல்லித்தர மாட்டான்.

1989இல் தேஜஸுக்கென்று காவேரி எஞ்சினைத் தொடங்கினார்கள். வேண்டிய உந்துவிசை 81 கிலோ நியூட்டன், வந்தது 70 சொச்சம். எடையும் கூடிப்போயிற்று. 2008இல் தேஜஸ் திட்டத்திலிருந்து காவேரியைக் கழற்றிவிட்டார்கள். புது விமானத்தையும் புது எஞ்சினையும் ஒரே முடிச்சில் போட்டது தப்பு என்பேன். கன்றுக்குட்டியையும் புது வண்டியையும் ஒன்றாகப் பூட்டின கதை.

அந்தத் தப்புக்கு இப்போதும் வட்டி கட்டுகிறோம். 2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்கு ஒப்பந்தம், ஆகஸ்டில் 99 அமெரிக்க எஞ்சினுக்கு ஆர்டர். அவர்கள் அந்த எஞ்சினின் உற்பத்தி வரிசையையே முன்பு நிறுத்தி வைத்திருந்தார்கள். முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. செப்டம்பரில் பழைய மிக்-21 போர் விமானத்துக்கு விடைகொடுத்தாயிற்று. அதற்கு முந்தின நாள் இன்னும் 97 தேஜஸுக்குக் கையெழுத்து. எஞ்சினுக்கு மறுபடியும் அதே வாசல்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. ஹைதராபாத்தில் உலோக ஆய்வுக்கூடத்தார் ஒற்றைப் படிக பிளேடு 60 வார்த்து, 2021இல் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காகக் கொடுத்தார்கள். அதைப் படித்த அன்று பையனுக்கும் படித்துக் காட்டினேன். "நம்ம மண்ணு இன்னைக்கும் ஈரமாத்தான் இருக்குப்பா" என்றான், படுபாவி.

தை நோன்பிக்குக் குடும்பத்தோடு வா. மொட்டைமாடிக்குப் பதினாறு படிதான், மெல்ல ஏற்றிவிடுகிறேன். காதுக்குப் பஞ்சு என் செலவு.

உன்,
முத்துசாமி