திண்ணையும் பெரிய திரையும்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதமாகியும் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். நான் நலம். சாப்பாட்டுக்குக் குறையில்லை, தேக்கா சந்தையில் முருங்கைக்காய் முதல் நெத்திலிக் கருவாடு வரை கிடைக்கிறது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கும் எனக்கும் பொதுமொழி கிடையாது. கைப்பேசியில் படம் காட்டித்தான் பேசிக்கொள்கிறோம். நேற்று பாகற்காய்ப் படத்தைக் காட்டினார். சற்று நேரத்தில் முட்டை போட்ட பாகற்காய்ப் பொரியல் ஒரு கிண்ணம் வந்தது.

கரும்பலகை இல்லாமல் பிள்ளைகள் எப்படிப் படிக்கும் என்று கேட்டிருந்தீர்கள். இங்கே கல்வி அமைச்சு 2018-லேயே எஸ்எல்எஸ் என்னும் இணையக் கற்றல் தளத்தைத் தொடங்கிவிட்டது. 2020 ஏப்ரலில் பள்ளிகள் முழுக்க வீட்டிலிருந்தே கற்றலுக்கு மாறியபின், உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் மடிக்கணினி போன்ற சொந்தக் கற்றல் கருவி என்ற திட்டத்தையும் முன்கூட்டியே, 2021-லேயே நிறைவேற்றினார்கள். தொடக்கநிலை ஆறாம் வகுப்பின் முடிவில் வரும் பிஎஸ்எல்இ என்னும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதியில்கூட, பிள்ளைகள் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றித் தேர்வாளரிடம் தமிழில் உரையாட வேண்டும். அதனால் எங்கள் துணைப்பாட வகுப்பில் காணொளியை ஒலியில்லாமல் ஓடவிட்டு, பிள்ளைகளையே பேச வைக்கிறேன். முதல் முறை "தாத்தா பஸ்ஸுல ஏறுறாரு" என்பதோடு நிறுத்திய பெண், நான்காம் முறை அவர் ஏன் தயங்கினார், பின்னால் நின்றவர் எப்படிக் கைகொடுத்தார் என்றெல்லாம் சொன்னாள். படமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பிள்ளை வாய் திறக்காது, அப்பா. நீங்கள் சுண்ணக்கட்டியால் ஏர் வரைந்து, கொழு எங்கே, மேழி எங்கே என்று எங்களைக் கேட்டுவிட்டுத்தானே பெயர் சொல்வீர்கள். நான் செய்வதும் அதுவே.

போன வாரம் பாடத்தில் 'திண்ணை' என்ற சொல் வந்தது. அடுக்குமாடியில் பிறந்த பிள்ளைகளுக்கு அதை எப்படி விளக்குவது? தம்பி அனுப்பியிருந்த நம் வீட்டுப் படத்தைத் திரையில் போட்டேன். "டீச்சர், வீட்டுக்காரரைக் கேட்காமலே யாரும் உட்காரலாமா?" என்று ஒரு பையன் வியந்து கேட்டான். தூணைக் காட்டுவதற்காகப் படத்தைப் பெரிதாக்கியபோதுதான், அதன்மேல் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலைப் பார்த்தேன். கைப்பேசியில் அது கண்ணில் படவே இல்லை. பிறகு என்னால் பாடத்தைத் தொடர முடியவில்லை. எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கோல் உங்களுக்குத்தானே? முழங்கால் வலியா, எப்போதிலிருந்து? அம்மாவும் ஏன் சொல்லவில்லை? கணக்கு மாமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இந்த வாரமே மதுரைக்குப் போய் மருத்துவரைப் பாருங்கள். ஓடு மாற்றும் வேலை சித்திரை வரை பொறுக்கும். இம்மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், கவலைப்பட வேண்டாம். வடக்கு வீட்டு அத்தையிடம் வாங்கிய கைமாற்றை அதில் முதலில் கொடுத்துவிடுங்கள். அடுத்த பாடம் களத்துமேடு. தம்பி நெல் தூற்றுவதைக் காணொளி எடுத்து அனுப்பட்டும். நீங்களும் அதில் நிற்க வேண்டும், கோலோடு இருந்தாலும் சரி.

அன்பு மகள்