தபால் பெட்டியில் பெயர் ஒட்டு

கோயம்புத்தூர்
24.10.2025

அன்புள்ள கண்ணு,

இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது என்றால், விடுதியின் தபால் பெட்டியில் உன் பெயரை ஒட்டிவிட்டாய் என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். வேண்டுமென்றேதான் தபாலில் அனுப்புகிறேன். ஜெர்மனியில் தபால்காரர் பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வங்கியில் கல்விக் கடன் மேசையில் உட்கார்ந்திருந்த வருடங்களில், அந்த நாட்டுக்குப் போன பிள்ளைகள் பலருடைய கோப்புகள் என் கையால் போயிருக்கின்றன. சிக்கலில் மாட்டியவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான். வந்த கடிதத்தைப் பிரிக்காமல் மேசையில் அடுக்கியவர்கள்.

அந்த நாடு இன்னும் காகிதத்தில்தான் பேசுகிறது. வங்கி அட்டை ஒரு உறையில் வரும், அதன் ரகசிய எண் இன்னொரு உறையில் தனியாக வரும். மருத்துவக் காப்பீட்டு அட்டை, வரி அடையாள எண் எல்லாம் அப்படியே. முகவரியைப் பதிவு செய்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். வீட்டில் டிவி இல்லையே என்று நம் பிள்ளைகள் அதை விளம்பரம் என நினைத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். டிவி இருக்கிறதா இல்லையா என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, அவ்வளவுதான் கணக்கு. ஒரே வீட்டில் நான்கு பேர் தங்கினாலும் ஒருவர் கட்டினால் போதும். மற்ற மூவரும் அந்த ஒருவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நினைவூட்டல், அபராதம், கடைசியில் சம்பளத்திலும் வங்கிக் கணக்கிலும் கை வைப்பார்கள்.

அரசு அலுவலகமோ நீதிமன்றமோ அனுப்பும் மஞ்சள் உறை வந்தால் அன்றைக்கே பிரி. அதன் மேல் தபால்காரர் அன்றைய தேதியை எழுதியிருப்பார். கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். நீ படித்தாயா இல்லையா என்று யாரும் கேட்கப் போவதில்லை. பெட்டிக்குள் விழுந்தாலே உனக்குக் கிடைத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே உறையையும் பத்திரமாக வை. புரியாத கடிதத்தைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போ. கூகுளில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, தோராயமாகப் புரிந்தது என்று விட்டுவிடாதே.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பதை நீயே முடித்துவிட்டாய் என்று அப்பா சொன்னார். நல்லது. அந்தச் சான்றிதழின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பு. அடுத்தது தங்கும் அனுமதி. விசா முடியும் தேதிக்கு முன்பே விண்ணப்பம் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அலுவலகம் தாமதமாக அழைத்தாலும் பரவாயில்லை. நேரத்தோடு விண்ணப்பித்தவனுக்கு முடிவு வரும் வரை பழைய உரிமை தொடரும். விண்ணப்பித்ததற்கான மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள். அனுமதி கையில் வராமல் விமான டிக்கெட் வாங்கிவிடாதே. பொங்கலுக்கு வர ஆசையாக இருந்தாலும்.

இப்போது பணம். முடக்கக் கணக்கில் போட்டிருக்கும் 11,904 யூரோ, மாதம் 992 ஆகத்தான் உன் கையில் வரும். அந்தத் தொகை விசாவுக்காக அரசு வகுத்த அளவு. நீ படிக்கும் கெம்னிட்ஸில் விடுதி வாடகை மூனிச்சைவிட எவ்வளவோ குறைவு, அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த ஊர் என்றபோது நான் சரி என்றேன். மாதக் காப்பீடு, வாடகை, சாப்பாடு போக மிஞ்சுவதை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று எண்ணாதே. உன் பணம் எங்களுக்கு இப்போது வேண்டாம்.

ஒன்றை மட்டும் வங்கிக்காரியாக, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். "உன் கணக்கில் கொஞ்சம் பணம் போடுகிறேன், நீ இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடு, உனக்கு நூறு யூரோ" என்று யாராவது வருவார்கள். நம் ஊர்க்காரராகவே இருக்கலாம், தமிழிலேயே பேசலாம். திருட்டுப் பணம் அப்படித்தான் மாணவர்கள் கணக்கு வழியாக ஓடுகிறது, போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்குக்காரன் வாசலில்தான். அதேபோல் வீடு மாறும்போது, "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பு, சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்கிற வீட்டுக்காரரிடம் ஒரு யூரோகூடக் கொடுக்காதே. நேரில் பார்க்காத வீட்டுக்குப் பணம் கிடையாது. முன்பணமும் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்க முடியாது.

தேர்வு விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. இங்கே பொறியியல் கல்லூரியில் அரியர் வைத்திருப்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. உன் நண்பர்கள் எட்டாவது செமஸ்டரில்கூட முதல் செமஸ்டர் கணிதம் எழுதினார்கள். அங்கே அந்தக் கதை நடக்காது. ஒரு தேர்வை எண்ணிக்கை குறித்த சில தடவைகள்தான் எழுத முடியும். கடைசி வாய்ப்பிலும் தோற்றால் பல்கலைக்கழகம் பெயரை நீக்கிவிடும், அதே படிப்பை அந்நாட்டின் வேறு ஊரிலும் தொடர முடியாமல் போகும். படிப்பு போனால் தங்கும் அனுமதியின் அடிப்படையும் போகும். ஆகவே முதல் தடவையை ஒத்திகையாக நினைத்து எழுதாதே. தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்கும் கெடு உண்டு. தயாராக இல்லாவிட்டால் கெடுவுக்குள் விலகிக்கொள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரைப் பார்த்துச் சான்று வாங்கி உடனே கொடுத்துவிடு. மூன்றாம் நாள் கொடுக்கும் சான்றைப் பார்க்க யாருக்கும் மனம் இருக்காது. மதிப்பெண்ணும் தலைகீழ், கவனித்துக்கொள்: 1.0 தான் முதல் தரம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. அம்மாயியிடம் "நான்கு வாங்கினேன்" என்று பெருமையாகச் சொன்னால் அவர் மகிழ்ந்து போவார், நான் மகிழ மாட்டேன்.

பேராசிரியரிடம் சந்தேகம் கேட்கத் தயங்காதே. அவர் வகுப்புக்குள் நுழையும்போது எழுந்து நிற்பதை அவர் எதிர்பார்க்க மாட்டார், கேள்வி கேட்பதை எதிர்பார்ப்பார். இங்கே நாம் உனக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, பள்ளியும் சொல்லிக் கொடுக்கவில்லை. சந்திக்க நேரம் குறித்து மின்னஞ்சல் எழுதிவிட்டுப் போ.

வேலை பற்றி. ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்பது இப்போதைய விதி. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் போனால் மாணவனுக்கான காப்பீட்டுச் சலுகை போய்விடும். கிடங்கில் இரவு வேலை செய்துவிட்டு காலையில் வகுப்பில் தூங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கு எடுத்தால் மனது வலிக்கும். 2025-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. அதை இந்திய ரூபாயாக மாற்றிப் பார்த்து மயங்காதே. நீ செலவழிப்பதும் யூரோதான். துறைக்குள்ளேயே மாணவ உதவியாளர் வேலை கிடைக்கிறதா என்று முதலில் விசாரி. சம்பளம் குறைவாக இருந்தாலும் பின்னால் உதவும்.

ஆங்கிலத்தில் படிப்பதால் ஜெர்மன் தேவையில்லை என்று உன்னை அனுப்பிய ஏஜென்சிக்காரர் சொன்னார். பட்டம் வாங்க வேண்டுமானால் அது உண்மை. வேலைக்கு நேர்காணல் வரும்போது, தொழிற்சாலையில் தொழிலாளியிடம் பேசத் தெரியாத பொறியாளரை எந்தச் சிறிய நிறுவனம் எடுக்கும்? படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் அனுமதி தருவார்கள். அந்த 18 மாதத்தில் மொழி கற்க ஆரம்பிப்பவன் தாமதித்தவன். இப்போதே வாரம் இரண்டு மாலை ஒதுக்கு. கெம்னிட்ஸ்காரர்கள் பேசுவது சாக்சனி மாநிலத்து வட்டாரச் சாயல் என்பதால் முதலில் எதுவும் காதில் ஏறாது, விட்டுவிடாதே.

ஊரைப் பற்றி ஒளிக்காமல் எழுதுகிறேன். 2018 ஆகஸ்டில் அங்கே ஒருவர் குத்திக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து வெளிநாட்டவருக்கு எதிராக ஊர்வலமும் கலவரமும் நடந்தன. அப்பா அதைப் படித்துவிட்டு இரவு தூங்கவில்லை. அந்த ஊர் முழுவதும் அப்படி என்று நினைப்பதும் தவறு, அப்படி எதுவுமே கிடையாது என்று உன்னைத் தேற்றுவதும் தவறு. யாராவது வம்பு பேசினால் பதில் சொல்லி ஜெயிக்கப் பார்க்காதே, கூட்டம் இருக்கும் பக்கம் நகர்ந்துவிடு. கை நீண்டால் 110 அழை, புகார் எழுதிக் கொடு. ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 112. புகார் கொடுத்தால் விசாவுக்குக் கேடு என்று சில பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள், நம்பாதே.

நம் பிள்ளைகளோடு மட்டும் இருக்காதே என்று சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் காய்ச்சலில் ரசம் வைத்துக் கொடுக்கப் போவது அவர்கள்தான். ஆனாலும் சமையலறையில் பக்கத்து அறைக்காரன் யார் என்று தெரிந்துகொள். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து தங்கிவிட்ட வியட்நாமியர்கள் இப்போதும் அந்தப் பக்கத்து ஊர்களில் கடை வைத்திருக்கிறார்கள். அரிசிக்கு அங்கே போ, இரண்டு வார்த்தை பேசு. அந்நிய மண்ணில் கடை போட்டு நின்றவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

அப்பாவுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கோவை தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்றால், கெம்னிட்ஸ் சாக்சனியின் மான்செஸ்டர் என்று அழைக்கப்பட்ட ஊராம். அங்குள்ள தொழில் அருங்காட்சியகத்தில் பழைய நெசவு இயந்திரங்கள் இருக்கின்றன. மில்லில் முப்பது வருடம் கழித்த மனிதர், அவற்றைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறார். ஏழு மீட்டர் உயரக் கார்ல் மார்க்ஸ் தலைச் சிலையின் முன்னால் நின்று நீ எடுத்த படத்தைவிட அதுதான் அவருக்கு முக்கியம்.

அறை பற்றி இரண்டு சொல். குளிர் என்று ஜன்னலை மூடியே வைத்துச் சோறு வடித்து, துணியையும் உள்ளேயே காய வைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், அந்தச் செலவை முன்பணத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். நாளுக்கு இரண்டு மூன்று தடவை ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விடு. தாளிக்கும்போது புகை எச்சரிக்கை மணி அடித்துவிடும், விசிறியைப் போட்டுவிட்டுத் தாளி. விடுதிச் சாவி தொலைந்தால் சில சமயம் கட்டடப் பூட்டுகள் அத்தனையையும் மாற்றும் செலவு உன் தலையில் விழும். பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு என்று ஒன்று இருக்கிறது, அதிகச் செலவில்லை, வாங்கிவிடு. வாங்கும்போது சாவி தொலைவதும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்.

இரண்டு வருடம் கழித்து அங்கே இருப்பதா, திரும்புவதா என்று இப்போது யாரும் கேட்டால் சிரித்துவிட்டு நகர். அங்கே ஐந்து வருடத்தில் குடியுரிமை கேட்கலாம் என்றாலும், இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. அது அவ்வளவு எளிதான கையெழுத்து இல்லை. அந்தச் சமயத்தில் பேசலாம்.

வீட்டுப் பத்திரம் வங்கியில் இருப்பதை நினைத்து இரவில் விழித்திருக்காதே. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது, வட்டி மட்டும் ஏறும். அதை என் ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த தவணைப் பணத்தை வங்கி விடுவிக்க இந்த செமஸ்டரின் சேர்க்கைச் சான்றிதழ் வேண்டும், பிப்ரவரித் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலும் வேண்டும். மதிப்பெண் எப்படி இருந்தாலும் மறைக்காமல் அனுப்பு. கோப்பில் மேலாளர் பார்ப்பதற்கு முன் எனக்குத் தெரிந்தால்தான் நான் ஏதாவது செய்ய முடியும்.

சேர்க்கைச் சான்றிதழை இந்த வாரமே அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா