ஏழாம் நம்பர் அறை

சத்துவாச்சாரி, வேலூர்
மார்கழி 17

அன்புள்ள மல்லிகா,

நலம். நீயும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்குப் பதில் போடவில்லை, உன் மருமகள் வளைகாப்புக்கும் வரவில்லை. திட்டுவதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள், நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது ஒரு செய்தி. உட்கார்ந்துகொண்டு படி.

வெந்நீர்க்கா உயிரோடு இருக்கிறாள்.

ஆமாம், ஏலகிரி லாட்ஜில் வெந்நீர் போட்ட நம்ம வெந்நீர்க்காதான். முந்தாநாள் நிலாவூரில் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வரக்காப்பி குடித்துவிட்டு வந்தேன். போனில் சொல்லலாம் என்று நாலு தடவை உன் நம்பரை எடுத்தேன். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், ஒன்றும் புரியாது. அதனால்தான் கடிதம்.

முதலிலிருந்து சொல்கிறேன். அரையாண்டு விடுமுறைக்குத் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். பிள்ளைகள் ஏலகிரி ஏலகிரி என்று ஒரே பிடிவாதம். சரி என்று வண்டி வைத்துக்கொண்டு கிளம்பினோம். பொன்னேரி தாண்டி மலையேறினால் 14 கொண்டை ஊசி வளைவுக்கும் புலவர் பெயரும் வள்ளல் பெயருமாகப் பலகை. கபிலர் வளைவு வந்ததும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். எலுமிச்சம்பழம் கொண்டு போயிருந்தேன்!

அத்தனாவூரை உனக்கு அடையாளமே தெரியாது. நாம் வேலைக்குச் சேர்ந்தபோது வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று ஆர்டரில் போட்டிருந்தது. இன்று பழைய வடாற்காடு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலாகக் கிடக்கிறது, ஏலகிரி திருப்பத்தூர்க் கணக்கில். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் இருந்த பலாத்தோப்பு முழுக்க ரிசார்ட். புங்கனூர் ஏரிக்கரையில் படகுக்கு நிற்கிற வரிசையைப் பார்த்துவிட்டு நான் காரிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கும் அறை இல்லை. கடைசியில் கிடைத்தது எது தெரியுமா? நம்ம லாட்ஜ். பெயர் மாறிவிட்டது, முதலாளி மாறி மூன்று கை ஆகிவிட்டது, மாடி எடுத்து டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். ஆனால் பின்கட்டு அப்படியே இருக்கிறது. நாம் இருந்த அறை இப்போது ஸ்டோர் ரூம். பாய்லர் நின்ற இடத்தில் வாஷிங் மெஷின்.

ராத்திரி சாப்பாடு கொண்டுவந்த பையன் ஜார்க்கண்டிலிருந்து வந்தவன், 19 வயசு இருக்கும். தட்டுத் தடுமாறித் தமிழ் பேசுகிறான். தம்பி பிள்ளைகள் அவனிடம், "அண்ணா, இங்க பேய் இருக்கா?" என்று கேட்டார்கள். அவன் சிரிக்கவில்லை மல்லிகா. கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான். ஏழாம் நம்பர் அறைப் பக்கம் போகாதீர்கள், அந்த வராந்தாவில் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு பொம்பளை வருவாள், கையில் பக்கெட், பாதி முகம் வெந்துபோயிருக்கும், கதவைத் தட்டி "வெந்நீர் வேணுமா?" என்று கேட்பாள், வேணும் என்று சொன்னவனுக்கு விடிந்ததும் காய்ச்சல். அந்தக் காலத்தில் இங்கே பாய்லரில் எரிந்து செத்தவளாம்.

எனக்குக் கையிலிருந்த சப்பாத்தி கீழே விழுந்துவிட்டது.

பிள்ளைகள் வீல் என்று கத்திச் சிரித்தார்கள். தம்பி மனைவி எல்லோர் நெற்றியிலும் விபூதி பூசினாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பயத்தில் இல்லை. அந்த ஈர விறகு, அந்த மண்ணெண்ணெய் டின், நீ போர்வையோடு ஓடியது, தக்காளி ஏற்றிய வண்டியில் அவளைப் படுக்கவைத்து மலை இறங்கியது எல்லாம் அப்படியே வந்து நின்றது. எத்தனை மார்கழி விடியலில் அவள் வெந்நீர் கொண்டுவந்து வைக்காமல் நாம் கண் திறந்திருப்போம்? அவளைப் போய்க் காட்டேரி ஆக்கி வைத்திருக்கிறார்களே என்றுதான் மனசு ஆறவில்லை. அப்போதும் அவள் செத்துவிட்டாள் என்றேதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விடிகாலை நாலு மணிக்குச் சத்தம் கேட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். தட் தட் தட் என்று சுவருக்குள். எழுந்து வராந்தாவுக்குப் போனேன். அந்தப் பையன் மாடிப்படிக்குக் கீழே கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடாமல் கிடந்தான். மேலே டாங்குக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடுகிறது. ராத்திரி முழுக்கக் காலியாக இருந்த குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறும்போது குழாய் அப்படித்தான் உதறும். என் வீட்டிலும் உதறுகிறது. மோட்டாரை நிறுத்திக் காட்டினேன், சத்தம் நின்றது. மறுபடி போட்டேன், வந்தது. "தினமும் இதுக்குத்தான் பயந்தேன் அம்மா" என்றான். தாயை விட்டு இத்தனை தூரம் வந்து படிக்குக் கீழே படுத்திருக்கிற பிள்ளை.

காலையில் டீக்கடைக்குப் போனேன். கடைக்காரம்மா மலைக்காரர், நம்மிடம் படித்தவளோடு கூடப் பிறந்தவராம். அவரிடம் இந்தப் பேய்க்கதையைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "யாரு, சின்னப்பொண்ணு அத்தையா? நேத்துகூட ரேஷன் வாங்க வந்துச்சே" என்றார்.

சின்னப்பொண்ணு. அவள் பெயர் அதுதான். இரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம், நாம் ஒருநாள் கேட்டதில்லை.

எச்.எம். அன்று நம்மிடம் என்ன சொன்னார் என்று யோசித்துப் பார். எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "அந்தம்மா போயிட்டாங்களாம்" என்றார். லாட்ஜை விட்டுப் போய்விட்டாள் என்று அவர் சொல்லியிருக்கிறார். நாம் இருவரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டோம். எப்போது, எப்படி என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதற்குள் உனக்குக் கல்யாணம், எனக்கு மாற்றல். அந்தப் பையன் சொன்ன கதைக்கும் நாம் 34 வருஷம் நம்பிய கதைக்கும் என்ன பெரிய வித்தியாசம்? சொல்லு.

நிலாவூருக்கு ஆட்டோவில் போனேன், தனியாக. ஓட்டு வீடு, வாசலில் சாமந்தி. கழுத்திலிருந்து இடது கை முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி இழுத்திருக்கிறது, இரண்டு விரல் மடங்காது. முகத்தில் ஒரு கீறல் இல்லை. தலை மட்டும் வெள்ளை. நான் யாரென்று சொல்வதற்கு முன்பே, "குட்டை டீச்சரு! நெட்டை டீச்சரு எங்க?" என்றாள். சி.எம்.சி.யில் இரண்டு மாசம் இருந்தாளாம், தோல் ஒட்டுப் போட்டார்களாம். திரும்பி வந்தபோது லாட்ஜில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். பாக்கிச் சம்பளமும் கொடுக்கவில்லை. அப்புறம் கொய்யாத் தோட்டத்தில் கூலி, நூறு நாள் வேலை. மகன் ஓசூரில் இருக்கிறான்.

பேய்க்கதை அவளுக்குத் தெரியும். பெங்களூரிலிருந்து இளவட்டங்கள் கேமராவோடு வந்து ஏழாம் நம்பர் அறைக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்துத் தங்குவது ஊருக்கே தெரியும். கோபமாக இருக்கிறதா அக்கா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேய்னு சொல்லிட்டுப் போறாங்க டீச்சரு. ஆனா செத்தப்புறமும் நான் பக்கெட்டைத் தூக்கிக்கினு வெந்நீர் வேணுமா, வெந்நீர் வேணுமான்னு அலையறேன்னு சொல்றாங்களே. அதான் எனக்குத் தாங்கல."

இந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போன மே மாதம் பெண் வீட்டுக்கு டென்வர் போயிருந்தேன் இல்லையா, அப்போது எஸ்டஸ் பார்க் என்று ஒரு மலையூருக்குக் கூட்டிப்போனாள். ஏலகிரி 1,100 மீட்டர் என்றால் அது அதைப்போல இரண்டு மடங்கு உயரம், மே மாதத்திலும் எதிர்மலையில் பனி. அங்கே 1909ல் திறந்த ஸ்டான்லி ஓட்டல் பேய்க்குப் பேர்போனது. ஒரு பெரிய எழுத்தாளர் 1974ல் 217ஆம் நம்பர் அறையில் ஒரு ராத்திரி தங்கிப் போனதிலிருந்து கூட்டமான கூட்டம். ராத்திரியில் டிக்கெட் போட்டுச் சுற்றிக்காட்டுகிறார்கள், நாங்களும் போனோம். அந்த அறைப் பேய் யார் என்றால் எலிசபெத் வில்சன் என்று ஒரு வேலைக்காரப் பெண். 1911 ஜூனில் மெழுகுவர்த்தியோடு அந்த அறைக்குள் போயிருக்கிறாள். அசெட்டிலின் வாயு கசிந்து கிடந்தது. வெடித்து, தரை உடைந்து, கீழ்த்தளத்தில் போய் விழுந்தாள். இரண்டு கணுக்காலும் முறிந்தது. ஆனால் சாகவில்லை! உடம்பு தேறி அதே ஓட்டலில் வேலை பார்த்தாள். இன்றைக்கும் அவள் ஆவி வந்து தங்குகிறவர்களின் பெட்டியைப் பிரித்துத் துணி மடித்து வைக்கிறதாம். அன்றைக்கு எல்லோரையும்போல நானும் "அடடா, என்ன நல்ல பேய்" என்று ரசித்துவிட்டு வந்தேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அதே 1911ல்தான் நம் நாட்டு முசௌரியில், சவாய் ஓட்டலில், பிரான்சஸ் கார்னெட்-ஓர்ம் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி பூட்டிய அறைக்குள் விஷத்தால் செத்துக் கிடந்தார். கூட இருந்த தோழி மேல் வழக்கு நடந்து விடுதலையாகிவிட்டது. அந்தம்மாவின் ஆவி தன்னைக் கொன்றவர் யார் என்று தேடிக்கொண்டு வராந்தாவில் உலாவுகிறதாம். பார்த்தாயா? தங்க வந்தவர் பேயானால் நியாயம் கேட்கிறது. வேலைக்காரி பேயானால் துணி மடிக்கிறது, வெந்நீர் தூக்குகிறது. செத்தால்கூட அவளை உட்காரவிட நமக்கு மனசு வரவில்லை.

திரும்பி வந்து லாட்ஜ் மேனேஜரிடம் பேசினேன். அந்தம்மா நிலாவூரில் இருக்கிறார், நீங்கள் சொல்வது பொய் என்றேன். "தெரியும்மா, கெஸ்ட் கேக்கறாங்க, நாங்க என்ன பண்றது" என்றார். முதலாளி நம்பர் வாங்கி வந்திருக்கிறேன். தினமும் அடிக்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறார். விடப்போவதில்லை. அந்த ஜார்க்கண்ட் பையன் மட்டும், அடுத்த ஞாயிறு லீவில் நிலாவூருக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்து வருகிறேன் என்று தானாகவே சொன்னான்.

உன்னிடம் ஒரு வேலை. பள்ளி ஆண்டு விழா அன்று பின்கட்டில் எடுத்த படம் உன்னிடம்தான் இருக்க வேண்டும், அதில் ஓரத்தில் அவள் நிற்பாள். தேடி எடு. அவளிடம் தன் பழைய படம் ஒன்றுகூட இல்லை.

அப்புறம், கிளம்பும்போது ஆட்டோ வரைக்கும் வந்து ஒன்று கேட்டாள். "ஆஸ்பத்திரி செலவுக்கு நெட்டை டீச்சரு அடகு வெச்சாங்களே அந்த மோதிரம், அதை மீட்டாங்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை மல்லிகா. மோதிரத்தை அடகு வைத்ததையே நீ என்னிடம் சொன்னதில்லை. நீயே வந்து சொல். காணும் பொங்கல் முடிந்த மறுநாள் கோயம்புத்தூரில் ரயில் ஏறு, ஜோலார்பேட்டையில் இறங்கு. பிளாட்பாரத்தில் எலுமிச்சம்பழத்தோடு நிற்பேன்.

உன்
விஜயா