தெப்ப மண்டபம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம். கடல் மட்டம் உயர்வதைப் பிள்ளைகளுக்கும் ஊராருக்கும் விளக்க, உப்பங்கழியில் மிதக்கும்படி நாம் எடுத்த தெப்ப மண்டபப் பணி நல்லபடியாக முடிந்தது. வரவு செலவு தணிக்கையாகி, தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது.

கடல் மட்டம் உயர்வதைச் சுவரில் படம் மாட்டியே சொல்லலாமே, மிதக்கிற மண்டபம் எதற்கு என்று சென்ற பொதுக்குழுவில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். மூலைக்கு ஒன்றாக நிற்கும் நான்கு தூண்களில் அதற்குப் பதில் இருக்கிறது. தூண் அசையாது, அதில் வளையத்தால் கோத்த தளம் ஓதத்தோடு, அதாவது கடலின் ஏற்ற வற்றத்தோடு, ஏறி இறங்கும். நெதர்லாந்தில் மாஸ் ஆற்றங்கரையிலுள்ள மாஸ்போம்மலில் வீடுகளையே இப்படித் தூணில் கோத்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் வீடு மிதந்து உயரும், வடிந்தால் பழைய இடத்தில் அமரும். யோசனையை அங்கிருந்து எடுத்தோம். இரும்பும் இரும்பும் உரசித் தேயாதபடி வளையத்துக்குள் பழைய டயரை வெட்டிப் பதித்தது மட்டும் நம் படகுக்காரர்களின் யோசனை. பெரியவர்கள் காட்டிய கஜா புயல் வெள்ளக் குறிக்கு மேலும் தூண்கள் நீள்கின்றன. இல்லாவிட்டால் பெருவெள்ளத்தில் தளம் தூணைத் தாண்டிக் கழன்று போய்விடும்.

தளத்தைத் தாங்குவது 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய்கள். ஒன்று முழுதாக அமிழ்ந்தால் ஏறக்குறைய 200 கிலோவைத் தூக்கும். கூரையைத் தாழ்வாக வைத்ததற்குக் காரணம் உண்டு. நைஜீரியாவின் லாகோஸ் கழியில் மக்கோக்கோ மக்களுக்காகக் கட்டிய மூன்றடுக்கு மிதக்கும் பள்ளியும் பீப்பாய்கள் மேல் நின்றதுதான். உலகமே பாராட்டிய அந்தக் கட்டடம் 2016இல் புயல்மழையில் சரிந்தது. உப்பங்காற்றில் உயரமும் பராமரிப்பும் எவ்வளவு முக்கியம் என்பதை அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

தென்கிழக்குத் தூணில் சென்டிமீட்டர் கோடுகள் வரைந்திருக்கிறோம். 1901 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல் மட்டம் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. அதில் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். தினமும் ஏற்றமும் வற்றமும் பார்க்கிற நமக்கு இது ஒரு பொருட்டாகவே தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் பங்குனியைவிடத் தானாகவே உயர்ந்து நிற்கும். அந்த ஏற்றத்துக்குள்ளும் இது மறைந்துவிடும். ஆனால் ஓதமும் புயலலையும் இனி எழும்புவது இந்த உயர்ந்த மட்டத்தின் மேல்தான். 2100க்குள் வரக்கூடிய உயர்வுக்கு ஐ.நா.வின் பருவநிலைக் குழு சொல்லும் கீழ் எல்லையான 28 சென்டிமீட்டரில் நீல வளையமும், பனிப்பாறைகள் எதிர்பாராமல் சரிவதைச் சேர்க்காத மேல் எல்லையான 101 சென்டிமீட்டரில் சிவப்பு வளையமும் தீட்டினோம். சிவப்பு வளையம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சளவுக்கு வருகிறது. நம் டெல்டாவுக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. ஆற்று வண்டல் அணைகளில் தங்கிவிடுவதால் தாழும் நிலத்துக்கு ஈடு கிடைப்பதில்லை.

பிள்ளைகள் நகர மறுக்கும் இடம் இரண்டு கண்ணாடித் தொட்டிகள். ஒன்றில் பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கும், மற்றதில் கல்லின் மேல் இருக்கும். உருகி முடிந்ததும் முதல் தொட்டியில் மட்டம் மாறாது, இரண்டாவதில் ஏறிவிடும். கிரீன்லாந்தும் அண்டார்க்டிகாவும் இரண்டாவது தொட்டி என்று அதன்பிறகு சொன்னால் போதும். பக்கத்திலேயே மெல்லிய குழாய் செருகிய சாயத்தண்ணீர் பாட்டில். வெயில் ஏற ஏற நீர் விரிந்து குழாயில் உயரும். கடல் சூடாவதாலும் மட்டம் ஏறுகிறது என்பதற்கு இது. அப்புறம் தரங்கம்பாடி மாசிலாமணி நாதர் கோயிலின் படம். 1306இல் எழுந்த அந்தக் கோயிலின் ஒரு பகுதியைக் கடலரிப்பு கொண்டுபோனது. கரை அரிப்புக்குப் பல காரணங்கள் உண்டு, பழியெல்லாம் கடல் மட்டத்துக்கல்ல என்றும் கீழே எழுதியிருக்கிறோம். பாதி உண்மையைச் சொல்லிப் பயமுறுத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

ஒரே நேரத்தில் நாற்பது பேருக்கு மேல் ஏற வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தால் மண்டபம் மூடப்படும். பீப்பாய்களைத் தனித்தனியாகக் கட்டியிருப்பதால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாசியும் சிப்பியும் சுரண்டலாம். மழைக்காலத்துக்கு முன் அந்த வேலைக்கு ஆள் வேண்டும். தூணின் ஏற்ற, வற்ற அளவைத் தினமும் குறிக்க இரண்டு மாணவர்களுக்குப் பொறுப்புக் கொடுத்திருக்கிறோம். பல பத்தாண்டுகள் விடாமல் எழுதினால்தான் அந்த ஏட்டுக்குப் பயன். விடுமுறை நாட்களில் அவர்களுக்குப் பதில் குறிக்க முன்வருவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்